ஒன்பது கஜத்தில் அளந்த ஓட்டம்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் என்னுடைய மிகச் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் மூன்று விநாடி. இதை நான் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கணம் என் தொப்பையைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்குத் தலையை ஆட்டுவார்கள். உலகம் திரும்பிப் பார்க்கிற நேரம் இல்லைதான். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், பம்பாய் மாட்டுங்காவில், தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது தாராளம். அந்த நேரம்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்த வேலையில் ஓய்வு பெறும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பம்பாய்த் தமிழர்களில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் தாராவிக்காரன், என் வயதுதான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், முஸ்லிம் குடும்பம். அவனுடைய வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறை இருந்தது. பெல்ட்டும் கைப்பையும் செய்து கடைகளுக்குப் போடுவார்கள். பகலில் அங்கே தோல் வெட்டுவான், மாலையில் காலேஜுக்குப் போவான், விடிவதற்குள் தொண்ணூறடி ரோட்டில் வெறுங்காலோடு ஓடுவான். அவன் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நடுவில் ரயில் தண்டவாளமும், அதைவிட அகலமான அபிப்பிராயங்களும் கிடந்தன.

எங்களை ஒப்பிடாமல் மாட்டுங்காவில் ஒருவருக்கும் பொழுது போகாது. காப்பிப்பொடிக் கடையில் பொடி அரைபடும் நேரத்தில் பேசுவார்கள். கோயிலில் பிரசாத வரிசையில் பேசுவார்கள். எட்டு முப்பத்தேழு லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே பேசுவார்கள். அதில் பாதிப் பேர் ஒரு நாளும் நான் ஓடிப் பார்த்ததில்லை. ஆனாலும் என் காலடி எத்தனை நீளம், அவன் மூச்சு எந்த இடத்தில் வாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவன் ஆட்டுக்கறி சாப்பிட்டும் என்னைவிட மூன்று விநாடி பின்னால் இருக்கிறான் என்பதில் எங்கள் கட்டடத்துக்கே ஒரு தனித் திருப்தி இருந்தது. தாராவியில் என்னைத் 'தயிர்சாதம்' என்றுதான் குறிப்பிடுவார்களாம். ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற தயிர்சாதம் என்று முழுப்பெயர்.

இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் தலைமை அலுவலகம் என் அப்பா. ரயில்வேயில் கிளார்க், எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இணைச் செயலாளர். நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றில் நடுவே சிவப்புக் கோடு கிழித்து, இடப்பக்கம் என்னையும் வலப்பக்கம் அவனையும் வைத்திருந்தார். எடை, உயரம், முந்தின நாள் சாப்பாடு, தூங்கிய மணி, ஓடிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். வலப்பக்கத்துக்கான தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆபீஸ் பியூன் தாராவிக்காரர் என்பார். அந்தப் பியூன் காய்கறி வாங்கப் போகும் வழியில் பார்த்ததெல்லாம் அப்பாவின் அழகான கையெழுத்தில் ஆவணமாகிவிடும்.

நேரம் எடுக்க அப்பாவிடம் நல்ல ஸ்டாப்வாட்ச் இருந்தது. ஓட மைதானமும் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. கோடு மட்டும்தான் இல்லை. நானூறு மீட்டருக்கு ஒரு சுற்று போடவேண்டும். அதை எதை வைத்து அளப்பது? நீளமான டேப்பை யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்று செம்பூரிலிருந்து வந்த மாமா சொன்னார். கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், சொன்னால் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள் என்று அப்பா யோசித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்கு வழி தோன்றியது. உள்ளே போய், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அம்மாவின் அரக்குநிறப் புடவையை உருவிக்கொண்டு வந்தார். ஒன்பது கஜம். உலகத்தில் எது மாறினாலும் மடிசார்ப் புடவை ஒன்பது கஜம்தானே!

அப்புறம் கணக்குப் போட்டார். நானூறு மீட்டர் என்றால் எத்தனை கஜம், அதை ஒன்பதால் வகுத்தால் எத்தனை புடவை. நாற்பத்தெட்டரைக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்தக் 'கொஞ்ச'த்தை மூன்று தசம ஸ்தானம் வரைக்கும் போட்டுச் சரிபார்த்தார். புடவையின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மாமாவும் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பின்னாலேயே நான் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி பால்கனியில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வருகிற மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அந்தச் சுற்றில்தான் நான் இரண்டு நிமிடம் மூன்று விநாடி ஓடினேன்.

தாராவியில் அவன் நேரம் இரண்டு நிமிடம் ஆறு விநாடி. ரோட்டில் நானூறு மீட்டர் போய், ஒரு தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவான். அவனுடைய அண்ணன் கைக்கடிகாரத்தில் முள்ளைப் பார்த்துச் சொல்லுவான். இதைக் கேட்டு எங்கள் பக்கம் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. டிரம்மாம், கைக்கடிகாரமாம்! நாங்கள் அறிவியல்பூர்வமாகப் புடவை வைத்து அளந்தவர்கள் அல்லவா.

நேருக்கு நேர் ஓடித் தீர்த்துக்கொள்ள இரண்டு தடவை வாய்ப்பு வந்தது. முதல் தடவை செம்பூரில் ஒரு போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம், எனக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது. பயந்து படுத்துக்கொண்டேன் என்று தாராவியில் சொன்னார்கள். அடுத்த தடவை அவர்கள் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்து அவனால் வர முடியவில்லை. தோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று மாட்டுங்காவில் சொன்னோம். அப்பா இரண்டையும் நோட்டில் எழுதி, என் மஞ்சள்காமாலைக்கு டாக்டர் சீட்டையும் ஒட்டிவைத்தார்.

இப்படிப் பேச்சோடு போயிருந்தால் பரவாயில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. நடுத்தூர ஓட்டக்காரன் ஒருவன் வேண்டும், ஒரே இடம். ஓடிக் காட்டச் சொல்லவில்லை. அலுவலகமாயிற்றே, அவர்களுக்குக் காகிதம் போதும். அங்கீகாரமுள்ள சங்கமோ கிளப்போ கையெழுத்துப் போட்ட நேரச் சான்றிதழை அனுப்பவேண்டும். யார் நேரம் குறைவோ அவனுக்கு வேலை.

எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. அப்பா எங்காவது ஒரு மேஜைக்குப் பின்னால் என்னைச் செருகிவிட்டிருப்பார். அவனுக்கு அப்படி இல்லை. இந்த வருஷத்துக்குள் வேலை கிடைத்தால் போ, இல்லையென்றால் காலேஜும் வேண்டாம் ஓட்டமும் வேண்டாம், பட்டறையில் உட்கார் என்று அவனுடைய வாப்பா கெடு வைத்திருந்தார். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று முழுநேரம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பயிற்சிக்கு லீவு தருவார்கள், ஷூ தருவார்கள். இதெல்லாம் எனக்குப் பியூன் மூலம் தெரியவில்லை. அவனே சொன்னான். விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால், ஒரு விடியற்காலையில், சைக்கிளில் எங்கள் மைதானத்துக்கு வந்துவிட்டான்.

நான் அவனை அத்தனை கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். என்னைவிட ஒரு பிடி குள்ளம். கால்கள் மட்டும் வேறு யாருடையதோ போல நீளம். கையில் பசையின் வாசனை. சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய டேப்புச் சுருள் இருந்தது. ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் இரவல் வாங்கியதாம். அவர்கள் ரோட்டில் தூரம் குறித்ததும் அதை வைத்துத்தான். விஷயத்தை நேராகச் சொன்னான். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தில் ஓடுவோம், வருகிற நேரத்தை இரண்டு பேருமே காகிதத்தில் எழுதி அனுப்புவோம், யாருக்குக் கிடைத்தாலும் மற்றவனுக்கு மனதில் ஒன்றும் இருக்காது. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளே போய் ஸ்டாப்வாட்ச்சையும் நோட்டையும் எடுத்துவந்தார்.

ஓடுவதற்கு முன்னால் அவன் டேப்பைப் பிரித்தான். மறுமுனையை என்னிடம் கொடுத்தான். நான் பிடித்துக்கொண்டே நடந்தேன். சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஒரு சுற்று வந்து முடித்ததும், மண்ணில் விரலால் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"நானூறு இல்ல சார். பதிமூணு மீட்டர் கொறையுது," என்றான் அப்பாவிடம். குரலில் கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

அப்பா நோட்டைத் திறந்து, நாற்பத்தெட்டரைச் சொச்சத்தை மூன்று தசம ஸ்தானத்தோடு காட்டினார். அவன் பொறுமையாகப் பார்த்தான். கணக்கு சரிதான் சார், டேப்பில் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது என்று மறுபடி சொன்னான். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கான்ட்ராக்டர் டேப்பா? அவா போடற ரோடு ஒரு மழைக்கு நிக்கறதில்லை, டேப் மட்டும் சரியா இருக்குமாக்கும்," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நல்ல வேடிக்கைதான், யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் டேப்பின் மறுமுனை அப்போதும் என் கையில் இருந்தது. டேப் காட்டிய கணக்கை நானும் பார்த்திருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், டேப்பைச் சுருட்டிக் கேரியரில் வைத்தான், சட்டையைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினான்.

ஓடினோம். முதல் சுற்றில் நான்தான் முன்னால். இரண்டாவது சுற்றின் எதிர்ப்பக்கத்தில், குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம், அவன் என்னைக் கடந்து போனான். வெறுங்கால் மண்ணில் படுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் எல்லைக்கு வரும்போது அவன் திரும்பி நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு இரண்டு நிமிடம் நான்கு விநாடி. அவனுக்கு இரண்டு நிமிடம் இரண்டு விநாடி.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். பிடிவாதக்காரர், ஆனால் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர் இல்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாவது, சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் அவன் நேரத்தை எழுதினார். சங்கத்தின் தாளை எடுத்து, அதே நேரத்தைச் சான்றிதழாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு போயிருந்தால் வேலை அவனுக்குத்தான். என் பழைய மூன்று விநாடிக்கு எதிரே அவனுக்கு இரண்டு விநாடி. எங்கள் சங்கத்தின் முத்திரையே அவனுக்குச் சாட்சி.

அவன் தாளை வாங்கவில்லை.

"இது எண்ணூறு இல்லல்லா சார். இத வாங்கிட்டுப் போனா பொய்யில்லா ஆயிரும். என் நேரம் ரெண்டு ஆறுதான்," என்றான்.

அப்பா கொஞ்ச நேரம் தாளை நீட்டியபடியே நின்றார். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் தலையசைத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். எப்படியும் நானும் உண்மையைத்தான் எழுதுவேன் என்று நினைத்துத் தலையசைத்தானோ என்னவோ. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதியத்துக்குள் மாட்டுங்கா இதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டது. அவனுக்கு எங்கள் முத்திரை பிடிக்கவில்லை, திமிர் என்றார்கள் காப்பிப்பொடிக் கடையில். அவன் ஜெயித்தான் என்பது அந்தப் பேச்சில் எங்கேயோ நழுவிப்போயிற்று.

அன்று சாயங்காலம் விண்ணப்பம் என் மேஜையில் தயாராக இருந்தது. இரண்டு நிமிடம் மூன்று விநாடி என்று அப்பா எழுதி முத்திரை குத்திய தாளும் உறைக்குள் இருந்தது. அப்பா சங்கத்துக்குப் போயிருந்தார். உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, நான் கேட்காமலே சொன்னாள். அந்த அரக்குப் புடவை ஒன்பது கஜம் இல்லையாம். வாங்கும்போதே அரைச் சாண் குறைச்சலாம். அப்புறம் தோய்த்துத் தோய்த்து இன்னும் அரைச் சாணுக்கு மேல் சுருங்கிவிட்டதாம். ஒவ்வொரு தடவை கட்டிக்கொள்ளும்போதும் தலைப்பு எட்டாமல் இழுத்து இழுத்துச் செருகுகிறவளுக்குத் தெரியாதா?

நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சாணுக்குக் கொஞ்சம் மேலே, நாற்பத்தெட்டரைத் தடவை. பதிமூன்று மீட்டர் சரியாக வந்தது. அளக்கிற அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன்.

"என்னை யார் கேட்டா? புடவையைத்தானே கேட்டேள்," என்றாள் அம்மா.

அப்புறம் என் மேஜையின் மேலிருந்த உறையைப் பார்த்தாள். ஒட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒட்டாதே என்று அவள் சொல்லவில்லை. அதை அவள்தான் சொல்லியிருக்கவேண்டும் என்று சில காலம் கோபப்பட்டிருக்கிறேன், வெட்கம் கெட்டுப்போய். உறையை நான்தான் ஒட்டினேன். நான்தான் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். நானே கையைவிட்டு அது உள்ளே விழுந்துவிட்டதா என்றும் தடவிப் பார்த்தேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. மாட்டுங்கா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கோயிலில் பெரியவர் ஒருவர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். அப்பா வெகுநாள் நோட்டைத் திறக்கவில்லை. பிறகு அது பரண்மேல் போய்விட்டது. அவரும் எப்போதாவது தனியாக டேப் வைத்து அளந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் கடைசிவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அலுவலகங்களுக்கு இடையே போட்டி நடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முறைப்படி அளந்த சுற்றில் ஓடினேன். இரண்டு நிமிடம் எட்டு விநாடி, ஆறாவது இடம். எங்கள் மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்து, ஒதுக்கீட்டில் வருகிற பையன்களே இப்படித்தான், வேலை கிடைத்ததும் சதை போட்டுவிடுவார்கள் என்றார். எத்தனை நல்ல விளக்கம்! அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி நிஜமாகவே சதை போட ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் ஓட்டத்தை விட்டேன். லோக்கலைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை.

அவனை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். எண்பதுகள் முடியப்போகிற சமயம், சுனாபட்டி லெவல் கிராசிங்கில், ஸ்கூட்டரில் கைப்பைகளைக் கட்டிக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்தான். என்னைத் தெரிந்துகொண்டான். இன்னும் ஓடுதியா என்று கேட்டான். இல்லை என்றேன். தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதே தொண்ணூறடி ரோட்டில் ஓடுவதாகச் சொன்னான். நேரமெல்லாம் பார்ப்பதில்லையாம், அண்ணன் சவூதிக்குப் போய்விட்டானாம். புடவை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கேட் திறந்துவிட்டது. பின்னாலிருந்த டாக்சிக்காரன் இந்தியில் திட்ட ஆரம்பித்தான். உண்மையைச் சொல்லப்போனால், கேட் திறந்ததில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவனிடம் சொல்லியிருந்தாலும் அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. அளந்தவனே அவன்தானே. எனக்குத்தான் தெரியாத மாதிரி இருக்க ஒரு வசதி இருந்தது. அந்த வசதியும் எத்தனை நாள் நீடித்தது என்பதற்கு முதல் சம்பளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்குவது எங்கள் வீடுகளில் வழக்கம். மாட்டுங்கா மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அரக்குநிறம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், அம்மா அரக்குநிறத்தையே எடுத்தாள். கடைக்காரர் மடித்துப் பையில் போடப்போனார். அம்மா கையைக் காட்டி நிறுத்தி, அளந்து காட்டச் சொன்னாள். ஒன்பது கஜம் என்று சீட்டிலேயே போட்டிருக்கிறதே மாமி என்றார் அவர். சீட்டு இருக்கட்டும், அளந்து காட்டுங்கோ என்றாள். என் சம்பள உறை சட்டைப்பையில் இருந்தது. அம்மா கடைக்காரரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இரும்புக் கஜக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு கஜமாகத் தள்ளத் தள்ள வாய்விட்டு எண்ணினாள். ஒன்பது முடிந்த பிறகும் கொஞ்சம் துணி மிச்சமிருந்தது. பாருங்கோ, ஒரு சாண் கூடவே இருக்கு என்று பெருமைப்பட்டார் கடைக்காரர்.

"அது நம்மளோடது இல்லை. வெட்டி எடுத்துடுங்கோ," என்றாள் அம்மா.

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே புடவையை மடிக்க ஆரம்பித்தார். அம்மா மடிக்கவிடவில்லை. உள்ளேயிருந்து கத்தரிக்கோல் வரும்வரை, அந்தச் சாண் துணியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.